மத்தியானத்துக்கு மேல் வேலை இல்லை

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கிருபா மாமாவுக்கு,

உங்கள் ரேணுகா எழுதுவது. பாப்பா சுஷ்மிதாவுக்குச் சளி விட்டுவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறாள். ஓமானில், சோகாரில் வெயில் அதிகம் என்றீர்களே, டூட்டியில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

போன் இருக்கும்போது கடிதம் ஏன் என்று நினைப்பீர்கள். என் கையில் இருப்பது ஆபீஸ் கொடுத்த போன். அதில் பேசப் பயமாக இருக்கிறது. லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜோயல் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வேலையில் சேர்ந்தபோது, "பத்து மணிக்குப் போயி ஒரு மணிக்கு வூட்டுக்கு வந்துடற. அதுக்கு அறுபதாயிரமா? எவன் தருவான்?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. பழைய சீனியர் வக்கீலிடம் பகலெல்லாம் கோர்ட், இருட்டும்வரை ஆபீஸ் என்று கிடந்து எட்டாயிரம் வாங்கியபோது, அநியாயம் என்று சொன்னதும் நீங்கள்தான். புது ஆபீஸ் முதலாளி கோதண்டராமன் சார் என் படிப்புக்கு மரியாதை தருகிறார் என்று உங்கள் வாயை அடைத்தேன்.

வேலை சுலபம்தான். திருப்போரூர், திருவிடந்தைப் பக்கம் நம்ம காலனி ஜனங்களிடம் போய், ஒரு நர்சரி கம்பெனிக்கு நிலத்தை மூன்று வருடம் குத்தகைக்கு விடும் பத்திரத்தைப் படித்து விளக்க வேண்டும். விளக்கினேன் என்று கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "நம்ம பொண்ணு சொல்லுது" என்று அவர்களும் கைநாட்டு வைப்பார்கள். மத்தியானம் வேறு ஆட்கள் அவர்களைப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப் போவார்கள். என்னைக் காரில் ஏற்றி, "குழந்த இருக்கற வூடு, கெளம்பும்மா" என்பார் சார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

போன வாரம், அப்படிக் கைநாட்டு வைத்த திருவிடந்தை கன்னியம்மா நம் வீடு தேடி வந்தது. திட்டவில்லை. வாசலில் நின்று, "இன்னா வக்கீலம்மா, குத்தகைன்னுதானே படிச்ச? எங்க சவுக்கெல்லாம் வெட்டிட்டானுங்க. எங்க வூட்டுக்காரரு வேலிக்கு வெளிய நின்னுகினு கீறாரு. கேட்டா உன் கையெழுத்து கீதுன்றானுங்க" என்றது.

பதிவு ஆபீசில் நகல் எடுத்துப் பார்த்தேன். பதிவானது குத்தகை இல்லை மாமா. நிலத்தை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம். நான் படித்த பக்கங்களை உருவிவிட்டு, கையெழுத்துள்ள கடைசிப் பக்கத்தை அதில் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் எத்தனை வீடு என்று நினைக்கவே முடியவில்லை. மூன்று மணிநேர வேலைக்கு அந்தச் சம்பளம் இல்லை. மத்தியானத்துக்கு மேல் நான் அங்கே இல்லாமல் இருப்பதற்குத்தான்.

சாரிடம் போய்க் கேட்டேன். அவர் குரலே உயரவில்லை. "இனிமே நீ வரவே வேணாம்மா. சம்பளம் அது பாட்டுக்கு வந்துடும்" என்றார். கிளம்பும்போது, "பாப்பா இன்னும் அந்த மஞ்ச வேன்லதான் ஸ்கூலுக்குப் போவுதா?" என்று விசாரித்தார். வேன் விஷயம் நான் அவரிடம் சொன்னதே இல்லை.

இந்த மாதம் இரண்டு மடங்காகப் பணம் வந்திருக்கிறது. எதிர் டீக்கடையில் ஒருவன் மூன்று நாளாக பைக்கில் உட்கார்ந்திருக்கிறான். டீ குடிப்பதில்லை. பாப்பாவை மதுராந்தகத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டேன்.

நாளை கன்னியம்மாவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன். கையெழுத்து என்னுடையது, பத்திரம் என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுப்பேன். என் மேலும் கேஸ் வரும். வக்கீல் சன்னதே போகலாம். நான் சொன்னதை நம்பித்தான் அவர்கள் கைநாட்டு வைத்தார்கள், வேறு வழி தெரியவில்லை.

என் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். அம்மா நம்பரில் பாப்பாவோடு தினமும் பேசுங்கள். எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள் மாமா. வந்தால் செங்கல்பட்டில் இறங்க வேண்டாம். நேரே மதுராந்தகம் போய் அவளைப் பாருங்கள். அதற்குப் பிறகு என்னைத் தேடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
ரேணுகா