தொட்டால் அவுட்

நாயுடுபுரம், கொடைக்கானல்
9.4.2024

பழனி அடிவாரத்துக் கடைவீட்டு தேவசேனாம்மாவுக்கு, பாச்சலூர்க் காட்டிலிருந்து உங்கள் கடைக்குத் தேன் கொண்டுவந்த மலைச்சாமியின் மகள் பழனியம்மாள் எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகம்தானே? எனக்கு மூட்டுவலி. மற்றபடி மகன் ஈஸ்வரன் வீட்டில் குறையில்லாமல் இருக்கிறேன். உங்கள் போன் நம்பர் கிடைத்தது. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் காகிதம்.

போன வாரம் பேத்தி தாரணி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அப்பத்தா, ஒரு வெளாட்டு, கைய நீட்டு" என்றாள். முஷ்டியை மடக்கிக் கட்டைவிரலை மட்டும் மேலே நீட்டினாள். எனக்குத் தெரியாத ஆட்டமா? அந்த விரலை என் முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்தேன். "அவுட்டு! அப்பத்தா அவுட்டு! தொட்டுட்ட! தொட்டா அவுட்டு!" என்று குதிக்கிறாள்.

பிடித்த விரலை நான் விடவில்லை.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். செல்போனைக் காட்டினாள். அதில் நீங்கள், அரக்குப் பட்டுச்சேலையில். ஆட்டத்துக்குப் பெயர் 'கைக்கோபுரம்' என்கிறீர்கள். தலைமுறை தலைமுறையாக உங்கள் வீட்டில் ஆடியதாம். கோபுரம் மாதிரி கைக்கு மேல் கை வைக்க வேண்டுமாம், ஆனால் தொடக்கூடாதாம். நடுவில் விடுகிற இடத்தில் சாமி இருக்கிறதாம். இங்கே கோடை விழாவில் உங்கள் குடும்பப் பெயர் போட்டு போர்டு வேறு வைக்கப் போகிறார்களாம்.

சாமியா இருந்தது அங்கே?

அது எங்கள் ஆட்டம். பெயர் 'கயிறு கெட்டியா'. பாறைத்தேன் எடுக்க ஒருவன் கயிற்றில் இறங்கினால், மேலே அவன் மச்சான்தான் கயிற்றைப் பிடிப்பான். தங்கச்சி தாலிக்குப் பயந்து விடமாட்டான். அந்தப் பிடிதான் ஆட்டமே. ஒருத்தி கட்டைவிரலை அடுத்தவள் இறுக்கிப் பிடித்து, தன் விரலை மேலே நீட்டிக்கொண்டு, "மச்சான் மச்சான், கயிறு கெட்டியா?" "கெட்டி! கெட்டி!" என்று கத்தி இழுப்போம். பிடி விட்டவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைப்போம்.

சின்ன வயதில், தைப்பூசத்துக்குத் தேனும் சீமாறும் கொண்டுவந்து உங்கள் கடைக்குப் பின்னால் தங்கும்போது, நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் என் விரலைப் பிடித்து ஆடியதை உங்கள் அம்மா பார்த்துவிட்டாள். உங்கள் கையைச் சாணித்தண்ணீரில் முக்கித் தேங்காய் நாரால் தேய்த்தாள். நீங்கள் கதறினீர்கள். "வெளாடணும்னா எட்ட வச்சு வெளாடுங்கடி. தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றாள். நடுவில் இடம் வந்தது அன்றைக்குத்தான்.

போர்டில் இதை எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் போர்டை எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத பழனியம்மாள்


அடிவாரம், பழனி
20.4.2024

என் அருமை பழனிக்கு,

முருகன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சௌக்கியம். உன் எழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எப்படித்தான் இவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாயோ! நானே மறந்துவிட்டேன். ஆனால் என் அம்மாவை 'பார்த்தாள், தேய்த்தாள்' என்று எழுதியதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. போய்ச் சேர்ந்தவர்களை இழுத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் காலம் அப்படி. நான் அப்படியா? எங்கள் கடையில் இன்று எல்லா ஜனமும்தான் வேலை பார்க்கிறார்கள்.

மகன் மனோஜ்குமாரிடம் பேசினேன். போர்டுக்குக் கீழே 'மலைவாழ் மக்களின் ஒத்துழைப்புடன்' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்கிறான். சாணித்தண்ணீரையெல்லாம் எழுத முடியுமாடி? குழந்தைகள் பார்க்கிற இடம். அவர்களுக்கு அந்த 'தொட்டால் அவுட்'தான் ரொம்பப் பிடித்திருக்கிறதாம்.

விழாவுக்கு வருகிறேன். நீயும் நானும் மேடையில் ஆடிக் காட்டுவோம், மனோஜ் வீடியோ எடுப்பான். பஞ்சாமிர்தம் அனுப்பியிருக்கிறேன். பேத்திக்குக் கொடு.

உன் பிரியமுள்ள
தேவசேனா


நாயுடுபுரம்
2.5.2024

தேவசேனாம்மாவுக்கு,

பஞ்சாமிர்தம் வந்தது. முருகன் மேல் எனக்குக் கோபம் இல்லை. டப்பாவைத் திறக்கத்தான் கை வரவில்லை.

ஒத்துழைத்தோமாம்! நீங்கள் ஏதோ ரோடு போட்டதுபோலவும் நாங்கள் கல் சுமந்ததுபோலவும் எழுதுகிறீர்கள். படித்துவிட்டு வாசலில் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

மேடைக்கு நான் வரமாட்டேன். நீங்கள் என் வீட்டுக்கு வாருங்கள். கேமரா வேண்டாம். சாப்பிட்டுவிட்டு என்னோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்கள். அதற்குப் பிறகு போர்டைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.

பழனியம்மாள்


நாயுடுபுரம்
24.5.2024

தேவசேனாவுக்கு,

நீ வந்தாய், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். மனோஜைக் காரிலேயே இருக்கச் சொன்னாய். நான் ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டாய். "இன்னும் ரெண்டு கரண்டி ரசம் ஊத்துடி" என்று தட்டை நீட்டினாய். எனக்கு மனசு இளகிவிட்டது. போர்டு கிடந்துவிட்டுப் போகட்டும், இவள் மாறிவிட்டாள் என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் தாரணி முஷ்டியைத் தரையில் வைத்தாள். அவள் கட்டைவிரலை நான் பிடித்தேன். என் விரலை நீட்டிக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தேன். நீ சிரித்தபடி கையை மடக்கிக் கொண்டுவந்தாய். என் விரல் நுனிக்கு மேலே வந்து உன் கை நின்றது. அங்கேயே நின்றது.

உன் அம்மா அங்கே இல்லை. சாணித்தண்ணீர் இல்லை. யாரும் உன்னைத் தடுக்கவில்லை.

"பாத்தியா பழனி, எத்தன வருசமாச்சு, கை மறக்கவே இல்ல!" என்று சந்தோசமாகச் சொன்னாய்.

வேண்டுமென்று செய்திருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். ஆனால் நீ செய்தது உனக்கே தெரியவில்லை. அதுதான் எனக்குக் குமட்டுகிறது. இப்போதும் சோற்றைப் பிசைந்தால் உன் கை என் விரலுக்கு மேலே நிற்கிறது. சோறு வாய்க்குள் இறங்கமாட்டேன் என்கிறது.

நீ காரில் ஏறியதும் தாரணி கேட்டாள். "அப்பத்தா, நீ சொன்ன ஆட்டத்துல புடிக்கணும்ல? அந்த ஆச்சி ஏன் புடிக்கல?"

"அவங்க ஆடுனது அவங்க வீட்டு ஆட்டம்டி" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. போர்டை மாற்ற வேண்டாம், தேவசேனா. நீ சொன்னதுதான் சரி. இடம் விட்டு ஆடுகிற அந்த ஆட்டம் உங்கள் வீட்டில்தான் பிறந்தது. உன் அம்மாதான் பெற்றாள், நீதான் வளர்த்தாய். பெரிய எழுத்தில் எழுதச் சொல்.

கீழே எங்களைச் சேர்த்தாயே ஒரு வரி, அதை மட்டும் அழித்துவிடு. அந்த ஆட்டத்தில் எங்கள் கை படவில்லை.

மலைச்சாமி மகள்
பழனியம்மாள்