பூசை போட்ட சைக்கிள்

புரட்டாசி 16, வியாழன்

மேகம். மழை இல்லை.

சைக்கிளில் சாரம் பேட்டைக்குக் கஞ்சி கொண்டு போகும் வழி. அங்கே தங்கச்சி வள்ளி படுத்த படுக்கை, நான் போனால்தான் காலைச் சாப்பாடு. நெல்லித்தோப்பு முனையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர், முசியே ஒருவர், நாயோடு குறுக்கே. பிரேக் பிடித்தேன். நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கினேன். நிற்கவில்லை. காலை ஊன்றியதில் செருப்பு பிய்ந்தது. அவர் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். கஞ்சி முழுக்க நாய் மேல்.

"கண்ணு தெரியலையாம்மா?"

"கண்ணு நல்லாத் தெரியுது. பிரேக்குதான் பிடிக்கல."

நல்ல வேளை, அடி இல்லை.

மகன் முருகன்: "போதும்மா. ஞாயித்துக்கெழம ஆள வரச் சொல்றேன், சைக்கிளக் குடுத்துடலாம்." அப்புறம் வள்ளிக்கு யார் போவது? இவனா?

எல்லாம் சைக்கிள் கடை கோவிந்தன் வேலை. போன மாதம் புது பிரேக் கட்டை போட்டேன் என்றான். பழசாகத்தான் இருக்கும். என் மகள் கல்யாண வாரத்தில் புது ட்யூப் என்று பழசை மாட்டியவன். பத்து வருஷம். மறக்கவில்லை.

17, வெள்ளி

சாரத்துக்கு நடை. முட்டி வலி. திரும்பும்போது கடையில் நாலு பேர் எதிரில் கத்தினேன். கோவிந்தன் ரிம்மில் விரலைத் தேய்த்து மோந்தான்.

"தேங்கா எண்ண. ஏங்க்கா, சைக்கிளுக்குத் தல வாரி வுட்டியா?"

சிரிப்பு. ஆயுத பூசைக்குக் கழுவி, பளபளக்கட்டும் என்று ரிம் முழுக்க எண்ணெய் தடவியது நான். இந்தக் கைதான்.

"கட்ட புதுசுதான்க்கா, எண்ண குடிச்சிருக்குது. செலவே இல்ல. ரிம்ம சோப்பு போட்டுக் கழுவு, கட்டைய உப்புத்தாள்ல தேய்."

விடவில்லை. "அப்ப அந்த ட்யூபு?"

தலையைக் குனிந்துகொண்டான். "அது மாமா சொன்னது. பழசே போடு, அவகிட்ட புதுசுன்னு நான் சொல்லிக்கிறேன்னாரு."

"எந்த மாமா?"

"உன் வீட்டுக்காரருதான்."

அவர் போய் ஐந்து வருஷம். இனி யாரைக் கேட்பது? வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்றே தெரியவில்லை.

18, சனி

வெயில். வெந்நீர், பாத்திரச் சோப்பு, கிழிந்த வேட்டித் துண்டு. முதல் துடைப்பில் துணி கறுப்பு. மூன்றாவதில் வெள்ளை. கட்டை நாலையும் உப்புத்தாளில், சொரசொரவென்று வரும்வரை. பிரேக் ஒயர் தளர்ச்சி, இழுத்துத் திருகினேன். நடுவில் இரண்டு தடவை சும்மா உட்கார்ந்துவிட்டேன். பழசே போடு என்றாராம்.

19, ஞாயிறு

தூறல் விட்டது. சைக்கிள் வாங்க ஆள் வந்துவிட்டான். முருகனைத் தெருவில் நிற்கச் சொன்னேன். வேகமாக மிதித்துப் போய் அவன் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக். கீச்சென்று நின்றது.

"யம்மா! உசுரே போயிடுச்சி!" வந்த ஆளிடம், "இல்லண்ணே, குடுக்கல."

கஞ்சி சூடு ஆறாமல் சாரம். வள்ளி இரண்டு தம்ளர் குடித்தாள். ட்யூப் விஷயத்தைச் சொன்னேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு அப்பவே தெரியும்க்கா. மாமா சொல்லாதன்னாரு" என்கிறாள்.

அவர் படத்துக்கு இன்று பூ இல்லை. நாளை வள்ளி கஞ்சியில் உப்பு இல்லை.