அப்பா பார்த்த திருவிழா

அன்புள்ள பாப்பா,

ஜப்பான் கோயில் திருவிழாவில் நீ நீலச் சட்டை போட்டு, அந்தத் தெருக்காரர்களோடு சாமிப் பல்லக்கு தூக்கிய வீடியோவை அப்பா பார்த்தாரா என்று கேட்டாய். பார்த்தார் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

நெல்லித்தோப்பு டீக்கடையில் எல்லோருக்கும் அதைக் காட்டினார். “மாசி மகத்துக்கு நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளைங்கள பல்லக்குத் தண்டத் தொட உடமாட்டோம். அங்க என் பொண்ணயும் நம்பித் தூக்க உட்டுருக்காங்க பாரு” என்றார்.

வீட்டுக்கு வந்தும் போனைக் கீழே வைக்கவில்லை. பிறகு மார்பு வலிக்கிறது என்று படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவிலேயே, என் மடியில் உயிர் போய்விட்டது.

அன்று நீ கூப்பிட்டபோது, “அப்பா தூங்குறாரு” என்றேன். அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பரீட்ச முடியட்டும்டா. அது அங்க தனியா கெடக்குது, யாரு தேத்துவாங்க?” என்றாள். நீ முகம் பார்க்காமலே கொள்ளி வைத்தேன்.

பரீட்சை முடிந்துவிட்டது என்று நேற்று சொன்னாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா இத்தனை நாளும் வீடியோவில் வராததற்குக் காரணம் கேமரா கெட்டுப்போனது இல்லை. இனி வருகிறேன் என்கிறாள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்ததும் எதுவும் கேட்காதே. சாப்பிட்டாளா என்று மட்டும் கேள். நான் கேட்டால் சாப்பிட்டேன் என்று பொய் சொல்கிறாள்.

உன் அண்ணன்