புள்ளி விழுந்த இலைகள்

வியாழன், இரவு

மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போயிற்று.

மாடியில் வளர்த்த நெல் நாற்றுகளுக்கு நானே நோய் ஏற்றி, இலையில் பழுப்புப் புள்ளி விழக் காத்திருந்தேன். கிருமி புகுந்த செல்லை, மற்ற செல்களுக்கு நோய் பரவாதபடி, அதற்குள்ளிருக்கும் பசுங்கணிகமே, இலைக்குப் பச்சை நிறம் தரும் அந்த நுண்ணுறுப்பே, நஞ்சு உண்டாக்கிச் சாகடிக்கும். அப்படிச் செத்த செல்கள்தான் புள்ளியாகத் தெரியும்; அந்தப் புள்ளிகள்தான் என் ஆய்வு.

இன்று கல்லூரியிலிருந்து வந்து பார்த்தால் ஒரு புள்ளிகூட இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு முடித்து வந்த என் வீட்டுக்காரர், புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளிக் கொளுத்திவிட்டிருக்கிறார்.

"நோவு வந்த எலைய வுட்டா மீதிக்கும் பரவிக்கினே போவும். எங்க ஆரம்பாக்கம் கழனில இப்டித்தான் பண்ணுவோம்," என்கிறார், பெருமையாக.

பசுங்கணிகம் செய்வதும் இதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவையும் கிள்ளுவார்.