கொம்பில்லாத புத்தகம்

இன்று காலை பள்ளிக்கு வந்த புத்தகப் பெட்டியைப் பிரித்ததும் பசை வாசம் குப்பென்று வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே உங்கள் ஆட்டுக்குட்டிப் புத்தகம். மறுபதிப்பு. பின்அட்டையில் அதே சின்னப் புகைப்படம். உங்கள் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இருந்தும் அதை அச்சில் பார்த்தபோது பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களை நான் நம்பவில்லை. இதை ஒருமுறை உங்களிடமே சொல்லியிருக்கிறேன், நீங்கள் சிரித்தீர்கள். எந்த அளவுக்கு நம்பவில்லை என்பதை மட்டும் சொன்னதில்லை.

அப்போது நான் முள்ளிப்பட்டுப் பக்கத்தில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கதைப்புத்தகங்கள் நான்கு எங்கள் வகுப்பு அலமாரியில் இருந்தன. எழுதியவர் களம்பூரில் ஒரு அரிசி ஆலை அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண், ஏறக்குறைய என் வயதுதான் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒருநாள் நீங்களே போன் செய்தீர்கள்.

"வியாழக்கிழமைல ஒரு மணி நேரம் வந்து பின்னாடி உக்காந்துக்கட்டுமா டீச்சர்? நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

தலைமையாசிரியை அனுமதி கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சும்மா யாரு வருவா? எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்றார்.

நீங்கள் வந்தீர்கள். தலைமுடியில் லேசாகத் தவிட்டுத் தூசி இருந்தது. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டீர்கள். நான் உங்கள் கதையை நடத்தினேன். வெளியாள் யார் வந்தாலும் நான் சந்தியாவைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வேன். முள்ளிப்பட்டில் தறி நெய்கிற வீட்டுப் பெண். ஒரு இடத்தில் தடுக்காமல் மளமளவென்று வாசிப்பாள். அன்றும் வாசித்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்கள் தட்டவில்லை, நோட்டில் என்னவோ எழுதினீர்கள்.

அந்த நிமிடம் தொடங்கியது எனக்குச் சந்தேகம். புத்தகம் விற்க வந்தீர்களா என்றால் அதுவும் இல்லை. மேலிடத்துக்கு எழுதிப்போடப் போகிறீர்களா? என் வகுப்பைக் கேலி செய்து கதை எழுதுவீர்களா? அடுத்த வாரமும் வந்தீர்கள், அதற்கடுத்த வாரமும் வந்தீர்கள். உங்கள் பார்வை கரும்பலகைப் பக்கம் வரவே இல்லை. சந்தியா மேலேயே இருந்தது.

நான்காவது வாரம் நீங்கள் தண்ணீர் குடிக்க வெளியே போனபோது நோட்டைத் திறந்து பார்த்தேன். செய்யக்கூடாததுதான், செய்தேன். ஒரு பக்கத்தின் உச்சியில் சந்தியாவின் பெயர். கீழே ஒற்றை ஒற்றை எழுத்துகள்: பே, தை, கோ, செ. எல்லாவற்றையும் சுற்றி வட்டம். ஏதோ சங்கேதம் என்று நினைத்தேன். பதினான்கு வருடம் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், அந்த எழுத்துகளைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சந்தியாவின் அம்மா வந்தார்.

"அந்தம்மா யாரு டீச்சர்? வூட்டுக்கு வந்து தறிகிட்ட குந்திகினு, பாப்பாவத் தனியாக் கூப்ட்டு என்னமோ கேட்டுகினு இருந்தாங்க. என்னப் பாத்ததும் நிறுத்திட்டாங்க. இவளக் கேட்டா வாயே தொறக்க மாட்டேன்றா."

மறு வியாழக்கிழமை உங்களை வாசற்கேட்டிலேயே மறித்தேன். நினைவிருக்கிறதா? சேத்துப்பட்டு பஸ் நம்மைத் தாண்டிப் போகும்வரை இரண்டு பேரும் ஒதுங்கி நின்றோம்.

"எதுக்கு வரீங்கன்னு இன்னிக்குச் சொல்லிடுங்க" என்றேன்.

"இப்ப சொல்ல முடியாது டீச்சர். வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

நீங்கள் பஸ் போன பக்கம் பார்த்தீர்கள்.

"அப்பன்னா இனிமே வராதீங்க."

தலையை ஆட்டிவிட்டு, நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தீர்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சத்தமில்லாமல் போனதால் சந்தேகம் இன்னும் கூடிப்போனது.

மூன்று மாதம் கழித்து, தபாலில் உங்கள் புதிய புத்தகம் ஐந்து பிரதி வந்தது. கடிதம் இல்லை. முதலில் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன், என் வகுப்பு எங்கேயாவது வருகிறதா என்று. வரவில்லை. ஒரு ஆட்டுக்குட்டி காட்டுக்குப் போய் வழி தவறி வீடு திரும்பும் கதை. ஆனால் மொழி உங்களுடையதாக இல்லை. ஆடு ஓடவில்லை, பாய்ந்தது. யானை இல்லை, பூனை இல்லை, தேங்காய்கூட இல்லை. வார்த்தைகள் கல்லுக் கல்லாகக் கிடந்தன. ஆலை வேலைக்கு நடுவே அவசரத்தில் எழுதித் தள்ளியிருக்கிறார் என்று முடிவுகட்டி, ஐந்தையும் அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

அதை அங்கிருந்து எடுத்தவள் சந்தியா. நான் கேட்காமலே எழுந்து நின்று வாசிக்க ஆரம்பித்தாள். வழக்கமான மளமள இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்து, நின்று நின்று, மூச்சு வாங்கி வாசித்தாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னாச்சு உனக்கு? நல்லா படிச்சுகினு இருந்தவ, இப்ப ஏன் தடுமாறுற?"

அவள் விரலை எடுக்காமல் சொன்னாள்: "இத நெஜமாவே படிக்கிறேன் டீச்சர்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் போய், உங்கள் பழைய புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து, படத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். "இத படி." சந்தியா விரலை என் கை ஓரமாக வைத்தாள், எடுத்துவிட்டாள். என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. கண்டுபிடிக்கப்பட்ட ஆள் நிற்பது மாதிரி நின்றாள். இவ்வளவு நாளும் வீட்டில் தன் அக்கா வாசிக்கக் கேட்டு, படத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, முழுப் புத்தகத்தையும் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறாள்.

மதிய இடைவேளையில் உங்கள் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, சங்கிலிக் கொம்பு ஒன்றுகூட இல்லாமல் பதினாறு பக்கம். எகரம் ஏகாரம் இல்லை, ஐ இல்லை, ஒகரம் ஓகாரம் இல்லை. சந்தியாவுக்கு எது தெரியுமோ அந்த எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு முழுக் கதை. நோட்டில் வட்டம் போட்டிருந்தது அவளுக்குத் தெரியாத எழுத்துகள்.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். ஆலைச் சத்தத்துக்கு நடுவே நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே காதில் இருக்கிறது. முதல்நாளே கண்டுபிடித்துவிட்டீர்களாம். "பக்கத்தத் திருப்ப மறந்துட்டா டீச்சர். ஆனா வாய் அடுத்த பக்கத்துக்குப் போயிடுச்சி." இத்தனை மாதமாக அவள் எதிரிலேயே நின்ற எனக்கு அது கண்ணில் படவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சா கீழ் வகுப்புல போட்டுடுவீங்களாம்." கூடவே, "எனக்கும் உங்க மேல சந்தேகம்தான்" என்றீர்கள். "நீங்க எங் கதைய மூணு தடவ பார்த்து எழுதிகினு வரச் சொல்றீங்கன்னு ஒருத்தர் சொன்னாங்க. அத பாக்கத்தான் மொதல்ல வந்தேன்."

நான் மறுக்கவில்லை. சொல்லியிருந்தேன், எழுத்து அழகாக வரட்டும் என்று. கதை முடிந்ததும் பத்துக் கேள்விக்குப் பதிலும் எழுத வைத்திருந்தேன். அன்றோடு இரண்டையும் நிறுத்தினேன்.

மறு வியாழக்கிழமை உங்களை மறித்த அதே இடத்தில் நின்று உங்களைக் கூட்டிப்போனேன். மாலையில் பள்ளி விட்டதும் நான், நீங்கள், சந்தியா மூன்று பேரும் கொம்பு எழுத்துகளைப் படிக்க உட்கார்ந்தோம். அவள் அம்மாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "நானும் பேரத் தவிர எத்தையும் படிச்சதில்ல டீச்சர். அவ நல்லா படிக்கிறான்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார். 'யானை' என்ற சொல்லை சந்தியா தானாக வாசித்தபோது இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

பிறகு உங்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேலூருக்குப் போவதும் வருவதுமாக இருந்தீர்கள். கடைசியாக நான் வீட்டுக்கு வந்தபோது அடுத்த புத்தகத்துக்கு நீங்கள் எழுதி, நான் வகுப்பில் வாசித்துக்காட்டிய பிரதியில் எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் சலித்துப்போகிறார்கள் என்று கேட்டீர்கள். ஏழாம் பக்கம் என்றேன். "அது எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சி" என்றீர்கள். அடித்துவிட்டு வேறு எழுதினீர்களா என்று எனக்குத் தெரியாது. அந்தப் புத்தகம் வரவில்லை.

சந்தியா இப்போது ஆரணியில் ஒன்பதாவது படிக்கிறாள். நீங்கள் போன செய்தியைச் சொன்னபோது "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு அந்தக்கா யார்கிட்டயும் சொல்லவே இல்ல இல்ல டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

தடுமாறி வாசிக்கிற பிள்ளையைப் பற்றி இப்போது எனக்குக் கவலை இல்லை. மளமளவென்று வாசிக்கிற பிள்ளையைக் கண்டால் பக்கத்தில் போகிறேன், படத்தின் மேல் கை வைக்கிறேன். கையை வைத்துவிட்டு முகத்தைக் கடுமையாக்காமல் நிற்க வேண்டும், அதுதான் கஷ்டம். அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போது, 'இந்த டீச்சர நம்பலாமா' என்று அதன் கண்ணில் ஒரு கேள்வி ஓடும். பதில் சொல்லாமல், அது முதல் எழுத்தின் கீழ் விரலைக் கொண்டுவரும் வரைக்கும் காத்திருக்கிறேன்.