கூடைக்குக் காவல்

அக்கா,

உங்கள் பச்சை ஒயர் கூடையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். புளியோதரை வாசனை போகமாட்டேன் என்கிறது. நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. "அம்மா ஞாபகமா வச்சுக்கோங்க" என்று உங்கள் மகள் கொடுத்த கூடை இது. ஞாபகம் வருகிறதோ இல்லையோ, எரிச்சல் நன்றாக வருகிறது.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணமாகி, புனே பக்கத்தில் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்தேன். அந்த மாதமே வேலூரிலிருந்து உங்கள் நாத்தனார் குடும்பம் வந்திறங்க, எல்லோரையும் கார்லா குகைக்குக் கிளப்பினீர்கள். லோக்கல் ரயிலில் மளவ்லி, அங்கிருந்து ஆட்டோ, அப்புறம் மூச்சிரைக்கப் படிகள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் மலையைக் குடைந்து செய்த மண்டபம், கூரையில் அந்தக் காலத்து மரமே இன்னும் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி எனக்கு ஆசை மூட்டியிருந்தார். வாசலுக்குப் பத்தடி முன்னால், புளியோதரையோடு இந்தக் கூடையை என் மடியில் வைத்தீர்கள்.

"குரங்குத் தொல்லைம்மா, இதைப் பாத்துக்கோ. நீ இங்கயே இருக்கறவ, எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அவங்க ஊர்லேருந்து வந்திருக்காங்க இல்ல?"

அன்றைக்கு நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வருடம் உங்கள் தங்கை வந்தாள், பிறகு தங்கையின் சம்பந்தி. எட்டு தடவை அக்கா! குரங்குகளுக்கே என் முகம் பழகிவிட்டது. என் பிரசவத்தின்போது பதினைந்து நாள் சமைத்துப் போட்டவரிடம் வாயைத் திறக்கவும் முடியவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன்.

"உள்ள மரம் இருக்காமே, பாத்தீங்களாக்கா?"

"மரமா? பதினாலு பேரும் இருக்காங்களான்னு எண்றதுக்கே நேரம் சரியாப் போச்சு. நட, வண்டி வந்துடும்."

உள்ளே போனவரும் பார்க்கவில்லை, வெளியே உட்கார்ந்தவளையும் பார்க்கவிடவில்லை. தனியாகப் போயிருக்கலாமே என்பீர்கள். ஊரிலிருந்து ஆள் வராமல் நம்மில் யார் கார்லாவுக்குப் போயிருக்கிறோம்?

போன ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தது. என் அண்ணன் மகள் கம்ப்யூட்டர் வேலைக்காகப் புனேயில் கோந்த்வாவில் குடியிருக்கிறாள்; ஊரிலிருந்து அவளுடைய மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். அவளும் நானுமாகச் சேர்த்து நாலு பேரும் படியேறினோம். வாசலுக்கு முன்னால் என் கை தானாகக் கூடையை அவளிடம் நீட்டியது. "நீ இங்கயே இருக்கறவ..." என்று வாயும் ஆரம்பித்துவிட்டது.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன் அத்தை, கூடையைத் தூக்கிட்டே உள்ள போலாமே?"

இத்தனை வருடத்தில் நம் இரண்டு பேருக்கும் இது ஏன் தோன்றவில்லை? எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கூடையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். மேலே மர வளைவுகள், கவிழ்த்த படகின் உட்புறம் மாதிரி, வரிசையாகக் கடைசிவரை. அதற்குக் கீழே எட்டு தடவை நின்று தலைகளை எண்ணியிருக்கிறீர்கள். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா? கழுத்து வலிக்கும்வரை உங்களுக்கும் சேர்த்துப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணினேன். ஒரு ஆள் குறைந்தது. பதறிப்போய் மறுபடி எண்ணினேன், அப்போதும் குறைந்தது. நாம் நாலு பேர்தானே வந்தோம் என்றாள் அண்ணன் மகள். நான் ஐந்து பேர் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன் அக்கா.