எந்த விதி? யார் சொன்னது?

மார்ச் 3, ஞாயிறு
கால் மைல் நேர்ப்பாதை, நடுக்கோட்டுக்கு இடதும் வலதுமாக ஆளுக்கொரு பாதை, இரண்டே பைக். அரையிறுதியில் என்னோடு மோதிய சுருட்டைமுடிக்காரனை, எங்கள் எல்லாருக்கும் அவன் 'சுருட்டை', ஒரு வண்டி நீளத்துக்கு முந்தினேன். கையுறையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். என் வண்டி எண். "விதிமீறல். நீக்கம். ஆறு மாதத் தடை." அவ்வளவுதான். எந்த விதி? யார் சொன்னது? தலைமை நடுவரிடம் ஓடினேன். "கமிட்டி முடிவும்மா. காரணம் சொல்ற வழக்கமில்ல" என்றார், டீயைக் கலக்கிக்கொண்டே. என் இடத்தில் சுருட்டை இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வாங்கிவிட்டான்.

மார்ச் 5
ஆறு மாதம் ஓட்டாவிட்டால் இந்த வருடத் தரவரிசையிலேயே நான் இல்லை. போன மாதம் நடுவரின் மாப்பிள்ளை நடுக்கோட்டைத் தாண்டினான். வெறும் எச்சரிக்கை. அப்போ நான் யாரு? கேக்க நாதியில்லாதவளா? அண்ணன்தான் என் மெக்கானிக். "விடு, பகைச்சுக்காத" என்கிறான். விடமாட்டேன்.

மார்ச் 9
மனு கொடுத்தாயிற்று. தண்டனை என்றால் விதி எண், பாதை, புகார் சொன்னவர் பெயர், எல்லாம் பலகையில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த போட்டியில் ஒருவரும் வண்டியை இறக்க மாட்டோம். பதினெட்டுப் பேர் கையெழுத்து. சுருட்டையும் போட்டான்.

மார்ச் 14
பதில் இல்லை. கல்லுளிமங்கன்கள்.

மார்ச் 17
கடைசியில் குறிப்பேட்டைக் காட்டினார்கள். "இடது பாதை வண்டி நடுக்கோட்டைத் தொட்டது."

இடதா? நான் ஓட்டியது வலதில். தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவருக்குப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு; கடைசி நிமிடத்தில் வலதுக்கு மாறினேன். அவர்கள் தாளில் நான் இடதிலேயே இருந்திருக்கிறேன். கோட்டைத் தொட்டது சுருட்டை. பாதையை மட்டும் எழுதியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பாவிகள்.

தடை போய்விட்டது. இறுதிப்போட்டி திரும்ப நடக்காதாம், அறிவித்த முடிவும் மாறாதாம். கோப்பை சுருட்டை வீட்டு அலமாரியில்.

வெளியே வந்ததும் அண்ணன் தலையைச் சொறிந்தான். "பாதை மாறினத கன்ட்ரோல் ரூம்ல சொல்லச் சொன்னேல்ல... டயர்ல காத்துப் பாக்குற அவசரத்துல மறந்துட்டேன்."

இரண்டு வாரமாக நடுவரைத் திட்டிய அத்தனை வார்த்தையும் இவனுக்கும் பொருந்தியது.

ஏப்ரல் 7, ஞாயிறு
மனுவில் கேட்டபடியே புதுப் பலகை. முதல் தாள்: "விதி 14. பாதை மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை. மார்ச் 3, அரையிறுதி, வலது பாதை. மெக்கானிக்குக்கு எச்சரிக்கை. புகார் சொன்னவர்: வண்டி ஓட்டியவர்." அதற்குக் கீழே என் கையெழுத்து.

அண்ணன் இரண்டு முறை படித்தான். "சொந்த அண்ணன் மேலயா?"

"பேரப் போடணும்னு கேட்டதே நாமதானே."

என்னை முறைத்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கன்ட்ரோல் ரூமுக்கு நடந்தான், இன்றைக்கு எந்தப் பாதை என்று சொல்ல.